மெய்ப்புக்காரியின் கை எதுவரை நீளலாம்?

கேள்வி: மெய்ப்பு மேசை

வணக்கம். என்னைப் பற்றி நாலு வரி சொல்லாவிட்டால் கேள்வி புரியாது. திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் 22 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தினேன். சேர்ந்தபோது ஈய எழுத்து, விலகியபோது கணினி. பள்ளித் துணைநூல்கள், கல்யாணப் பத்திரிகைகள், கோயில் மலர்கள், வருடத்துக்கு ஒருமுறை பஞ்சாங்கம். பஞ்சாங்கம் வந்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் நிற்கும். நான் மெய்ப்பை வைத்துக்கொள்வேன், எதிரில் உட்காரும் தோழி மூலப்பிரதியைச் சத்தமாக வாசிப்பாள்: "அஷ்டமி, நாழிகை 32, விநாடி 17." நாழிகையில் ஓர் எண் பிசகினால் 24 நிமிடம் பிசகும், யாரோ ஒருவர் வீட்டு முகூர்த்தம் பிசகும். அதனால் என் கண்ணின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்தது என்று எழுதுவதே சரி.

எங்கள் தெரு நூலகத்தில் புத்தகப் பட்டியலுக்கு ஒரு கட்டற்ற மென்பொருளை நிறுவியிருக்கிறார்கள். அதன் பெயர் வேண்டாம். கீழே வரும் தவறுகளில் பாதி என்னுடையது, மீதியைச் சொல்லி அவர்களைச் சங்கடப்படுத்த விருப்பமில்லை. அதன் கையேடு ஆங்கிலத்திலும் தமிழிலும் இருக்கிறது. இரண்டிலும் பிழைகள் புற்றீசல் போல. "குறை சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களே சித்தி, நீங்களே திருத்தலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்" என்று அக்கா மகன், மென்பொருள்களைப் பலரும் சேர்ந்து திருத்தும் கிட்ஹப் தளத்தில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தான்.

முதலில் ஒரே ஓர் அத்தியாயம். அச்சகத்தில் எந்தப் பிரதி வந்தாலும் நாங்கள் செய்யும் முதல் வேலை ஒன்று உண்டு. தட்டச்சுப் பொறியில் நெடுங்கோடு கிடையாது என்பதால் ஆசிரியர்கள் இரண்டு சிறுகோடு அடித்து அனுப்புவார்கள். அதை நெடுங்கோடாக்க வேண்டும். நேராக நிற்கும் மேற்கோள் குறிகளை வளைந்த குறிகளாக்க வேண்டும். கை தானாகச் செய்யும் வேலை இது. கையேட்டிலும் அதையே செய்தேன், தேடி மாற்றும் வசதியில், ஒரே தட்டில். அவர்களும் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். பத்து நாள் கழித்து ஒரு பள்ளி நூலகர் எழுதியிருந்தார்: காப்புப்பிரதி எடுக்கும் கட்டளையைக் கையேட்டிலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டினால், "அப்படியொரு கோப்பு இல்லை" என்று கணினி சொல்கிறதாம். கட்டளையில் இருந்த இரட்டைச் சிறுகோட்டை நான் அழகான ஒற்றை நெடுங்கோடாக்கியிருந்தேன். கணினிக்கு அது வேறு எழுத்து. மேற்கோளும் அப்படித்தான்.

இன்னொன்று. மென்பொருள் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் அமைப்புக் கோப்பைப் பற்றிய பக்கத்தில், பிரிப்பான் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் 'ஏ' வரவேண்டிய இடத்தில் 'ஈ' இருந்தது. பள்ளிக்கூடப் பிழை. திருத்தினேன். மென்பொருளை எழுதியவரே அந்தப் பிழையோடுதான் எழுதியிருக்கிறார் என்பதும், சரியான எழுத்தில் கொடுத்தால் மென்பொருளுக்குப் புரியாது என்பதும் பிறகு தெரிந்தது.

இதற்கிடையில் மீதி அத்தியாயங்களையும் முடித்து, 212 திருத்தங்களை ஒரே புல் ரிக்வெஸ்டாக, அதாவது 'இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற ஒரே விண்ணப்பமாக, அனுப்பியிருந்தேன். மூன்று வாரம் மூச்சுப்பேச்சு இல்லை. பிறகு ஒரு வரி வந்தது: "பிரித்து அனுப்பவும். சில திருத்தங்கள் பிழையானவை." நியாயம்தான். ஆனாலும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அந்த 212இல் ஒன்று மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. தமிழ்க் கையேட்டில் புதிய பதிப்புக்கு மாறும் பகுதியில் இப்படி ஒரு வரி: "பழைய தரவை நீக்கிக் காப்புப்பிரதி எடுக்கவும்." ஆங்கில மூலம் நீக்குவதற்கு முன் காப்புப்பிரதி எடுக்கச் சொல்கிறது. தமிழில் 'நீக்கி' என்று வந்தால் முதலில் நீக்க வேண்டும், அப்புறம்தான் எடுக்க வேண்டும். எடுக்க அங்கே என்ன இருக்கும்?

என் கேள்வி இதுதான். இப்படிப்பட்ட ஆவணங்களில் மெய்ப்புப் பார்ப்பவர் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? அச்சகத்தில் கற்ற கண் இங்கே உதவுமா, இல்லை இடைஞ்சல்தானா?

பதில் 1: கருந்திரை

அம்மா, நானும் ஒரு சிறு மென்பொருளைப் பராமரிக்கிறேன். நீங்கள் சொல்லும் மென்பொருள் அல்ல. பகலில் வேறு வேலை, சம்பளம் அங்கேதான். இந்த வேலை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதனால் அந்த மூன்று வார மௌனத்தை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 212 திருத்தங்களைத் திறந்து பார்த்ததும் 'ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்று மூடியிருப்பார். ஞாயிற்றுக்கிழமைகள் எப்படிப் போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

பழைய காயம் ஒன்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் திறந்த மூலத் திட்டங்களுக்குப் பங்களிப்பவர்களை ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்ச்சி நடக்கும். 2020இல் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் என்றார்கள். அவ்வளவுதான். கையேட்டு முகப்பில் 'அருமையான' என்ற ஒரு சொல்லைச் செருகி அனுப்பியவர்கள், முற்றுப்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி சேர்த்து அனுப்பியவர்கள் என்று வந்து குவிந்தது. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கும் அதில் தாராளமான பங்கு உண்டு. அந்த மாதத்தின் முதல் வாரத்திலேயே விதியை மாற்றி, விரும்பிச் சேரும் திட்டங்களில் மட்டும்தான் கணக்கு என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து 'எழுத்துப் பிழை திருத்தம்' என்ற தலைப்பைப் பார்த்தாலே பலருக்கும் முகம் சுருங்கும். உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் கதவைத் திறப்பவருக்கு வெளியில் நிற்பது யார் என்று முதலில் தெரியாது.

தொடக்கூடாதவை பற்றி. கட்டளை, கோப்பின் பெயர், அமைப்பின் பெயர், திரையில் கணினி காட்டும் செய்தி: இவை பிழையாக இருந்தாலும் பெயர்கள். ஒருவர் தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படித்தான் பத்திரிகையில் அச்சிட்டிருப்பீர்கள், இல்லையா? இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, எங்கிருந்து வருகிறோம் என்று உலாவி சொல்லும் தலைப்புக்கு ரெஃபரர் என்று பெயர். ஆங்கிலத்தில் அதன் நடுவே இரண்டு 'ஆர்' வரவேண்டும். இணையப் பக்கங்களைப் பரிமாறும் விதிமுறையான எச்டிடிபி 1.0 பற்றி 1996இல் வெளியான ஆவணத்திலேயே ஓர் 'ஆர்' விடுபட்டுப் போய், இன்றுவரை உலகத்தின் எல்லா உலாவிகளும் அந்தப் பிழையோடுதான் பேசிக்கொள்கின்றன. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் கோப்பை உருவாக்கும் கிரியேட் என்ற அழைப்பின் கடைசி 'ஈ' விடுபட்டதும் இதே கதை. யூனிக்சை மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த 'ஈ'யைச் சேர்ப்பேன் என்றாராம் அதை உருவாக்கிய கென் தாம்சன். அவராலேயே சேர்க்க முடியவில்லை.

இன்னொரு வேண்டுகோள். ஒரு சொல்லைத் திருத்திவிட்டுப் பத்தியின் வரிகளை மறுபடி சமமாக மடித்து அடுக்காதீர்கள். மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் என்ற கருவி வரி வரியாகத்தான் ஒப்பிடும். ஒரே ஒரு புள்ளி மாறியிருந்தாலும் எட்டு வரியும் சிவப்பும் பச்சையுமாக வந்து நிற்கும், அந்தப் புள்ளியை நான் தேட வேண்டும். சொல் அளவில் ஒப்பிடும் வசதியும் உண்டுதான், எல்லோரும் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை.

என்னைக் கேட்டால், எழுத்துப் பிழையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடை, வாக்கிய அழகு இவற்றில் இறங்கினால் வாதம்தான் வளரும்.

பதில் 2: கையேட்டுக்காரன்

கடைசி வரியில் கருந்திரையோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்கு முன் ஒன்று: அம்மா, இதைப் படித்து முடித்ததும், அல்லது படிக்காமலேகூட, அந்த 'நீக்கிக் காப்புப்பிரதி' வரியை 212இலிருந்து பிரித்து இன்று இரவே தனியாக அனுப்புங்கள். ஒரே ஒரு வரி. தலைப்பில் "தரவு இழக்க நேரிடும்" என்று போடுங்கள். அதற்கு மூன்று வாரம் ஆகாது.

நான் பதினோரு வருடமாகப் பெங்களூரில் தொழில்நுட்ப ஆவணம் எழுதிப் பிழைக்கிறேன். அந்த வரி நடைப் பிழையா, எழுத்துப் பிழையா? இரண்டும் இல்லை. எழுத்து சுத்தம், ஒற்றுக்கூடச் சரியாக மிகுந்திருக்கிறது. எந்தப் பிழைதிருத்தும் மென்பொருளும் அதைப் பிடிக்காது. வினையெச்சம் நிகழ்ச்சிகளின் வரிசையைச் சொல்லும் என்று காதால் அறிந்த ஒருவர்தான் பிடிக்க முடியும். ஆகவே உங்கள் கண் உதவுமா என்ற கேள்விக்குப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

ஆனால் அச்சகத்தில் மெய்ப்பை எதனோடு ஒப்பிட்டீர்கள்? மூலப்பிரதியோடு. இங்கேயும் மூலப்பிரதி உண்டு, அது காகிதம் இல்லை. மென்பொருள்தான் மூலப்பிரதி. கையேடு ஒன்று சொல்லி மென்பொருள் வேறொன்று செய்தால், வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அச்சுப் பிழை. பஞ்சாங்கத்துக்குச் செய்தது போலவே செய்யுங்கள். ஒருவர் கையேட்டை வாசிக்கட்டும், ஓர் எழுத்துக்கூடக் கூட்டாமல் குறைக்காமல். மற்றவர் கணினியில் சொன்னபடி மட்டும் செய்யட்டும். 'அதுதான் தெரியுமே' என்று இரண்டு படியைத் தாண்டிப் போகக்கூடாது. மென்பொருளை ஏற்கனவே நிறுவிய கணினியில் செய்து பார்ப்பதிலும் பயனில்லை, போன முறை செய்தது எல்லாம் அதில் மிச்சம் இருக்கும். புதிதாக ஒரு பயனர் கணக்காவது தொடங்கிக்கொள்ளுங்கள்.

இதில் எழுதியவரைவிட உங்களுக்குத்தான் வசதி அதிகம். எழுதியவருக்கு எல்லாம் தெரியும், அதனால் அவர் கண்ணுக்கு ஓட்டை தெரியாது. நான் எழுதிய ஒரு நிறுவல் பக்கத்தை எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த கணக்குப் பிரிவுப் பெண் படித்துக்கொண்டே செய்தார். மூன்றாவது படியில் கட்டளை இருந்தது. அந்தக் கட்டளையை எந்த அடைவில் (ஃபோல்டரில்) நின்றுகொண்டு அடிக்க வேண்டும் என்று எங்குமே நான் எழுதவில்லை. நாலு பேர் மெய்ப்புப் பார்த்த பக்கம் அது. நாலு பேருமே பொறியாளர்கள்.

உங்கள் கண் தேட வேண்டிய இடங்கள் சிலவற்றைச் சொல்கிறேன். எச்சரிக்கை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். "இந்தக் கட்டளையை இயக்கவும். குறிப்பு: இது எல்லாவற்றையும் அழித்துவிடும்" என்ற வரிசையில் எத்தனையோ கையேடுகள் இருக்கின்றன. வாசகர் ஒவ்வொரு வரியாகப் படித்து அப்போதே செய்பவர், குறிப்புக்கு அவர் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். பிறகு கட்டளைக்கு முன்னால் நிற்கும் டாலர் குறி, எண் குறி. டாலர் குறி சாதாரணப் பயனருக்கான வரி என்று சொல்லும், எண் குறி நிர்வாகியாக இருந்து அடிக்க வேண்டும் என்று சொல்லும். வாசகர் அந்தக் குறியையும் சேர்த்து நகலெடுத்தால் கட்டளை ஓடாது. அதே எண் குறி அமைப்புக் கோப்பில் வரியின் தலையில் வந்தால் 'இந்த வரியைப் படிக்காதே' என்று பொருள். அங்கே அதை எடுத்தாலும் ஆபத்து, சேர்த்தாலும் ஆபத்து. 'வெறுமனே', 'மிக எளிதாக' என்ற சொற்களைக் கண்டால் யோசிக்காமல் வெட்டலாம். முடியாதவரை அவை முட்டாளாக்கும்.

இடைவெளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2011இல் பம்பிள்பீ என்ற திறந்த மூல மென்பொருளின் நிறுவல் நிரலில், அழிக்க வேண்டிய அடைவின் முகவரிக்கு நடுவே ஓர் இடைவெளி தவறி விழுந்துவிட்டது. முகவரி இரண்டாக உடைந்தது. முதல் துண்டு 'யூஎஸ்ஆர்' என்ற அடைவு, லினக்சில் பெரும்பாலான நிரல்கள் குடியிருக்கும் இடம். நிறுவியவர்களின் கணினியில் அது முழுவதும் அழிந்தது. நிரலில் நடந்தது கையேட்டுக் கட்டளையிலும் நடக்கும். ஆக, இடைவெளிக்குக் கண் கொடுத்த உங்களைப் போன்றவர்கள் வேண்டாம் என்று எவர் சொல்வார்?

நெடுங்கோட்டு விஷயத்தில் குற்றமெல்லாம் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். பைதான் என்ற நிரல்மொழியின் ஆவணங்களை உருவாக்கப் பயன்படும் ஸ்பிங்க்ஸ் என்ற கருவி இயல்பாகவே இதைச் செய்யும். கட்டளையைக் கட்டளை என்று குறியிட்டுச் சொல்லாமல் சாதாரண வாக்கியத்துக்குள் எழுதிவிட்டால், இரட்டைச் சிறுகோட்டை அதுவே ஒற்றைக் கோடாக்கி, மேற்கோளையும் வளைத்துவிடும். மூலக் கோப்பில் பார்த்தால் எல்லாம் சரி, வலைப்பக்கத்தில் பார்த்தால் தவறு. அதனால் மெய்ப்பை எப்போதும் இரண்டு இடத்திலும் பாருங்கள், கடைசியாக வாசகர் பார்க்கும் பக்கத்தில்.

பதில் 3: ஒற்று மிகும் இடம்

அக்கா, நான் தமிழாக்கம் செய்பவள், சில கட்டற்ற மென்பொருள்களின் இடைமுகத்தையும் (திரையில் தெரியும் பொத்தான்கள், செய்திகள்) உதவிப் பக்கங்களையும். மற்ற இருவரும் சொல்லாத ஒன்று இருக்கிறது.

ஆங்கில மூலத்தில் நீங்கள் ஒரு காற்புள்ளியைத் திருத்தினால் தமிழ் மறைந்துபோகலாம். விளையாட்டாகச் சொல்லவில்லை. கெட்டெக்ஸ்ட் என்ற முறையில் ஆங்கில வாக்கியம்தான் சாவி, தமிழ் வாக்கியம் அதன் பூட்டில் தொங்குகிறது. சாவியில் ஓர் எழுத்து மாறினாலும், 'இது இன்னும் பொருந்துமா, யாராவது பாருங்கள்' என்று தமிழ் வாக்கியத்தின் மேல் ஃபஸி என்று முத்திரை குத்திவிடும். முத்திரை விழுந்த வாக்கியங்களை வெளியீட்டில் சேர்க்காமல் விடுவதுதான் வழக்கம். பயனர் திரையில் தமிழுக்கு நடுவே திடீரென்று ஆங்கிலம். அது எல்லா மொழிகளுக்கும் நடக்கும். அதனால்தான் லினக்ஸ் திரைச்சூழலான க்னோம் போன்ற திட்டங்களில் ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும், வாக்கியங்களில் கைவைக்கக்கூடாது என்று உறையவைக்கும் காலம் ஒன்று உண்டு. ஆங்கிலத் திருத்தங்களை வெளியீடு முடிந்த கையோடு அனுப்புங்கள், அடுத்த வெளியீட்டுக்கு முந்தைய வாரம் அனுப்பாதீர்கள். தமிழ்த் திருத்தங்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

தமிழுக்கு வேறு சிக்கல். உங்கள் திருத்தங்களில் "இந்த" என்பதற்குப் பின் ஒற்றுப் போட்டவை நிறைய இருக்கும் என்று ஊகிக்கிறேன். கையேட்டில் சரி. இடைமுகத்தில் கவனம். அங்கே "இந்த" என்ற சொல்லுக்குப் பின் வெறும் சதவீதக் குறியும் ஓர் எழுத்தும் இருக்கும், ஓடும்போது மென்பொருள் அங்கே ஒரு சொல்லை நிரப்பும். கோப்பு வந்தால் 'இந்தக் கோப்பு', படம் வந்தால் 'இந்தப் படம்', அட்டவணை வந்தால் ஒற்றே கிடையாது. எந்த ஒற்றைப் போடுவீர்கள்? நானும் முதல் வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். வாக்கியத்தைத் திருப்பிப் போடுவதுதான் வழி. வேற்றுமை உருபும் இதே பாடுதான். நிரப்பப்படும் பெயரின் வாலில் 'ஐ' ஒட்டினால் "அறிக்கைஐ நீக்கவா?" என்று திரையில் வந்து மானத்தை வாங்கும். 'என்பதை' என்று ஒரு சொல்லை நடுவில் போட்டால் எந்தப் பெயர் வந்தாலும் தாங்கும்: "அறிக்கை என்பதை நீக்கவா?" அழகு குறைவுதான், உடையாது.

கடைசியாகக் கண்ணால் பிடிக்க முடியாத ஒன்று. 'கௌரி' என்று அடிப்பதற்குப் பதில் ஒற்றைக்கொம்பு, 'க', பின்னால் 'ள' என்று அடித்து 'கெளரி' என்று விடுவார்கள். அச்சில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், பல எழுத்துருக்களில் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. காகிதத்தில் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. கணினிக்கு இவை வேறு வேறு சொற்கள், தேடினால் கிடைக்காது. உங்களுடையது நூலக மென்பொருள் வேறு. கையேட்டில் ஆசிரியர் பெயர் தேடும் எடுத்துக்காட்டு ஏதாவது இருந்தால் கண்ணை நம்பாமல் நகலெடுத்துத் தேடிப் பாருங்கள். தமிழ் எண் ஏழும் 'எ'கரமும் இதே ரகம்.

மெய்ப்பு மேசை

மூவருக்கும் நன்றி. கையேட்டுக்காரத் தம்பி சொன்னபடி அந்த ஒற்றை வரியை அன்று இரவே அனுப்பினேன். "காப்புப்பிரதி எடுத்து முடித்த பின்பே பழைய தரவை நீக்கவும்" என்று மாற்றி. 'பின்பே' என்பதில் உள்ள ஏகாரம் தேவையா என்று கால் மணி நேரம் யோசித்தேன், இருக்கட்டும் என்று விட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். கீழே, "இது இரண்டு வருடமாக இப்படியே இருந்திருக்கிறது" என்று ஒரு குறிப்பு. அதற்கு நான் பதில் எழுதவில்லை.

212ஐயும் பிரித்துவிட்டேன். நெடுங்கோடும் வளைந்த மேற்கோளும் 61 இடங்கள், அத்தனையும் வெட்டி எறிந்தாயிற்று. பெயர்களைத் திருத்தியவை 9, அவையும் போயின. ஆங்கிலத் திருத்தங்களைத் தனியாக எடுத்து, அடுத்த வெளியீடு முடியட்டும் என்று வைத்திருக்கிறேன். மீதியை அத்தியாயத்துக்கு ஒன்றாக அனுப்புகிறேன். முதலிரண்டும் சேர்ந்துவிட்டன.

ஒற்று மிகும் இடத்துத் தங்கையே, நீ சொன்ன கௌரி எங்கள் கையேட்டில் இல்லை, ஆனால் 'பௌதிகம்' இருந்தது. பாட வாரியாகத் தேடும் பகுதியில் எடுத்துக்காட்டே அதுதான். நகலெடுத்துத் தேடினேன். எங்கள் நூலகத்தில் 14 பௌதிகப் புத்தகங்கள் உள்ளன. திரையில் பூஜ்யம். 22 வருடம் இந்தக் கண்ணை வைத்துத்தான் சோறு சாப்பிட்டேன், அது இரண்டுக்கும் வித்தியாசம் காணவில்லை.

பஞ்சாங்க முறையையும் செய்து பார்த்தோம். எதிரில் உட்கார்ந்து வாசித்த அதே தோழி இப்போது மயிலாப்பூரில் இருக்கிறாள். வியாழக்கிழமை நூலகத்துக்கு வரச் சொன்னேன். கணினி என்றால் அவளுக்கு ஒரு பயம், அதனால் வாசிப்பது அவள், அடிப்பது நான் என்று முடிவாயிற்று. வாசிக்கும் விதம் கொஞ்சமும் மாறவில்லை. "படி 4, முற்றுப்புள்ளி, இறக்குமதி, மேற்கோளுக்குள், என்ற பொத்தானை அழுத்தவும், முற்றுப்புள்ளி." அழுத்தலாம் என்று பார்த்தால் அப்படியொரு பொத்தான் திரையில் எங்கும் இல்லை. இருவரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினோம். அதே இடத்தில் 'உள்ளேற்று' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் வேலை நடக்கிறது. ஆனால் அடுத்த அத்தியாயத்தில் ஏற்றுமதி என்றுதான் இரண்டு இடத்திலும் இருக்கிறது. ஏற்றுமதிக்கு எதிர்ச்சொல் உள்ளேற்று என்று யார் சொன்னது?

இதில் கையேட்டைத் திருத்துவதா, பொத்தானைத் திருத்தச் சொல்வதா? தோழி பொத்தான்தான் பிழை என்கிறாள். மூலப்பிரதி மென்பொருள்தான் என்று தம்பி சொன்னாரே என்று நான் இழுக்கிறேன்.

கருந்திரை

பொத்தான்தான் பிழை அம்மா, உங்கள் தோழி சொன்னதே சரி. ஆனால் நீங்களே மாற்றி அனுப்ப வேண்டாம். மென்பொருளின் பக்கத்தில் ஒரு வழு அறிக்கை எழுதுங்கள்: எந்தத் திரை, எந்தப் பதிப்பு, இப்போது என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும், ஒரு திரைப்பிடிப்பு. பொத்தான் மாறும்வரை கையேட்டில் 'உள்ளேற்று' என்றே போட்டுவையுங்கள், இன்று படிப்பவருக்கு இன்று திரையில் இருப்பதுதான் வேண்டும். நடையில் இறங்க வேண்டாம் என்று நான் மேலே எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் மென்பொருளின் கையேடு 40 பக்கம்தான். உங்களுக்கும் தோழிக்கும் இன்னொரு வியாழக்கிழமை ஒழியுமானால் சொல்லுங்கள்.